பெடல் விட்டால்தானே கால் வரும்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டத்தில். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் என் கணவர் மேல், அவருடைய நண்பர்கள் மேல், இன்னும் கேட்டால் மொத்த ஓசூர் மேலேயும்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். செய்து வருகிற பாகம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்து, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது என் வேலை. என் கணவர் வேறொரு கம்பெனியில் டூல் ரூமில் இருக்கிறார். அச்சும் கருவியும் செய்கிற இடம் அது. அங்கே வேலை செய்பவர்களுக்கு உலகத்தில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே எண்ணம்தான் வரும். இதை நான் செய்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேனே என்று. எங்கள் வீட்டு இட்லித் தட்டின் கைப்பிடியைக் கூட அவர் மாற்றியிருக்கிறார். இப்போது அதைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

சைக்கிள் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்குத்தான். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார், நான் நடப்பதற்குப் பதிலாக மலைப் பாதையில் ஓட்டுகிற சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டேன். என்னைப் பார்த்து அவர் வாங்கினார். அவரைப் பார்த்து அவருடைய நண்பர்கள் சிலர். எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனியில் மெஷின் பக்கம் நிற்பவர்கள். ஞாயிறு விடிந்ததும் சூளகிரி, ராயக்கோட்டைப் பக்கக் குன்றுகளில் ஏறி, மண் பாதையில் குலுங்கக் குலுங்க இறங்கி, எங்காவது டீ குடித்துவிட்டு வீடு திரும்புவோம்.

இந்த இறக்கத்தில்தான் பெடல் பிரச்சினை வரும். கல்லும் பள்ளமுமாகக் குதிக்கும்போது சாதாரணப் பெடலில் கால் நிற்காது. அதற்கென்று ஒரு வகைப் பெடல் இருக்கிறது. ஷூவுக்கு அடியில் கிளீட் என்று ஒரு சின்ன உலோகத் துண்டை ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பார்கள். பெடல் மேல் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் விட்டுவிடும். பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுவிட்டு, காலைக் கட்டிக்கொண்டு யாராவது சைக்கிள் ஓட்டுவார்களா என்றார். குதிகாலைத் திருப்பினால் வந்துவிடும் அக்கா, பழகிவிட்டால் ஒன்றுமில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

எந்தப் பெடல் வாங்குவது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதத்தைத் தனியாகப் புத்தகம் போடலாம். நம் பக்கத்துச் செம்மண்ணை மழை பெய்த மறுநாள் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஷூவில் ஏறினால் இறங்காது. பெடலுக்குள் போய் அடைத்துக்கொண்டால் பூட்டவும் பூட்டாது, விடவும் விடாது. காய்ந்துபோனால் பேரிங்கைத் தின்றுவிடும். அதனால் நான் பார்த்தது மூன்று விஷயம்தான். சேறு தங்காமல் கீழே விழுகிற மாதிரி திறந்த அமைப்பாக இருக்க வேண்டும், அச்சு தடிமனாக இருக்க வேண்டும், பேரிங் தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடிய வேண்டும். அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நாலு பக்கமும் வளைந்த இரும்புக் கம்பி, நடுவில் ஸ்ப்ரிங், அவ்வளவுதான். சேறு தங்க இடமே இல்லை. எல்லாரும் அதையே வாங்கினார்கள்.

அதில் ஒரே குறை, கூட வந்த கிளீட் பித்தளை. ஓட்ட ஓட்டத் தேய்ந்துவிடும். தேய்ந்ததும் புதிதாக மாட்ட வேண்டும். இது என் கணவருக்குப் பொறுக்கவில்லை. தேய்ந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் செய்தவர்களை நினைத்து அவர் பட்ட வருத்தம் கொஞ்சமில்லை. பித்தளையிலா செய்வார்கள், அடிக்கடி விற்க வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள் என்றார். கடைசியில், டூல் செய்கிற எஃகில் நானே வெட்டி, சூட்டில் போட்டு ஹார்டனிங் செய்து தருகிறேன், ஆயுசுக்கும் தேயாது என்று அறிவித்துவிட்டார். அறிவித்தது எனக்கு இல்லை, குழுவுக்கு. எல்லாரும் கைதட்டுகிற படம் அனுப்பினார்கள்.

நான் சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, சுத்துற ஷாஃப்ட் எஃகுல இருந்தா புஷ்ஷ ஏன் கன்மெட்டல்ல போடறோம்? ரெண்டுல ஒன்னு மிருதுவா இருந்தாத்தான் தேயவேண்டியது அது தேயும். இதுவும் அப்படித்தான் வச்சிருப்பாங்க" என்றேன். புஷ் என்றால் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்கிற வளையம், கன்மெட்டல் பித்தளை மாதிரி மிருதுவான உலோகம். இதை நான் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. தினமும் பத்துப் பேருக்கு அவர் சொல்லித் தருகிற விஷயம் இது. கம்பெனியில் தெரிகிற விஷயம் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்ததும் எங்கே போகும் என்று எனக்குப் புரியவே இல்லை. அது வேறு, இது வேறு என்றார். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. நான் அதோடு விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், வேலை சுத்தமாக இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளப்பு. அளவு பார்த்தேன், ஒரிஜினலை விடத் துல்லியம். ஷூவில் மாட்டிப் பெடலில் வைத்ததும் 'டிக்' என்று கேட்ட சத்தமே கம்பீரமாக இருந்தது. குழுவில் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். சில வாரங்களுக்கு அவர் பெருமை தாங்கவில்லை.

அதன் பிறகு என் கால் பெடலை விட்டு வருவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகராறு செய்ய ஆரம்பித்தது. முன்பு லேசாகத் திருப்பினால் போதும். இப்போது இடுப்பிலிருந்து திருப்ப வேண்டியிருந்தது. சிக்னலில் ஒரு தடவை வராமல், பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். வீட்டில் வந்து சொன்னேன்.

ஓசூரில் வேலை செய்பவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லப் போவது நன்றாகப் புரியும். எங்கள் கம்பெனிகளில் ஏதாவது தப்பு நடந்தால் ஒரு மீட்டிங் போட்டு, ஏன் நடந்தது, அது ஏன், அதற்கு முன்னால் ஏன் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். மெஷின் கேள்விக்கு வருவதற்குள் எப்படியோ ஆபரேட்டர் மாட்டிக்கொள்வார். அடுத்த ஞாயிறு ராயக்கோட்டை ரோட்டு டீக்கடையில் என் காலுக்கு அந்த மீட்டிங் நடந்தது. கால் ஏன் வரவில்லை? குதிகாலைச் சரியாகத் திருப்பவில்லை. ஏன் திருப்பவில்லை? சீட் உயரம் தப்பு. சீட் உயரம் ஏன் தப்பு? நான் அடிக்கடி மாற்றுகிறேன். ஒருவர் என் ஷூ சைஸே தப்பு என்றார். இன்னொருவர், பெண்களுக்குக் கணுக்காலில் பலம் குறைவு என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வடைக்குத் திரும்பினார். என் கணவர் முடிவாகச் சொன்னது, "பீஸ்ல ஒன்னுமில்ல. நீதான் பழகணும்."

நான் பழகினேன். தினமும் வேலை முடிந்து வந்து, வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் மேல் உட்கார்ந்து காலைப் பூட்டுவதும் திருப்புவதுமாக. தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கே என் கால் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் ஒரு ஓரத்தில் மனசு கேட்கவில்லை. அவருக்குச் சொல்லாமல் பெங்களூரிலிருந்து புதுப் பித்தளை கிளீட் வரச் சொல்லியிருந்தேன். வந்ததும் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை ஜாக்கிரதையாக ஓட்டலாம் என்று நினைத்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

குன்றிலிருந்து இறங்குகிற பாதை ஒரு இடத்தில் தோட்டங்களுக்கு நடுவே வரப்பு மாதிரி ஒடுங்கிவிடும். ஒரு பக்கம் கொம்பு நட்டுக் கட்டிய தக்காளிச் செடி. இன்னொரு பக்கம் கிணறு. நம் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அது வட்டமாகச் சுவர் கட்டிய வீட்டுக் கிணறு இல்லை. பாறையை உடைத்துத் தோண்டிய பெரிய பள்ளம். கைப்பிடிச் சுவர் கிடையாது. உள் பக்கம் இறங்குவதற்குப் படிக்கல் நீட்டியிருக்கும். மழைக்குத் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

ஆண்கள் எல்லாரும் முன்னால் பறந்துவிட்டார்கள். இறக்கம் என்றால் அவர்களுக்குத் திரும்பிப் பார்க்கிற வழக்கமே இல்லை. நான் மெதுவாக வந்தேன். வரப்பில் ஒரு மாடு, அதைக் கட்டிய கயிறு பாதைக்குக் குறுக்கே விறைப்பாக இழுபட்டுக் கிடந்தது. பிரேக் பிடித்தேன். செடிப் பக்கம் காலை ஊன்றலாம் என்று குதிகாலைத் திருப்பினேன். வரவில்லை. இன்னொரு தடவை திருப்பினேன். அந்தக் கால் வரவில்லை, அடுத்த காலும் வரவில்லை. நின்றுவிட்ட சைக்கிள் எந்தப் பக்கம் சாயும் என்று அதற்கே தெரியாது. அது கிணற்றுப் பக்கம் சாய்ந்தது.

கரை ஈரமாக வழுக்கியது. என்னால் செய்ய முடிந்தது, மோட்டாரிலிருந்து கிணற்றுக்குள் போகிற இரும்புப் பைப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்ததுதான். நெஞ்சு வரை கரை மேல், இடுப்புக்குக் கீழே கிணற்றுக்குள். என் இரண்டு காலிலும் பூட்டிய சைக்கிள் தன் முழுக் கனத்தோடு என்னைக் கீழே இழுத்துக்கொண்டு தொங்கியது.

நான் கல்லாவி என்ற ஊர்ப் பக்கத்தில் பிறந்த பெண். கிணற்றில் குதித்து வளர்ந்தவள், நீச்சல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இரண்டு காலையும் ஒரு சைக்கிளோடு பூட்டி வைத்துவிட்டு நீந்தச் சொன்னால் யாராலும் முடியாது. விழுந்தால் நேரே அடிக்குப் போக வேண்டியதுதான். அது எனக்கு அந்த நொடியே தெளிவாகத் தெரிந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

தக்காளி பறித்துக்கொண்டிருந்த தோட்டக்காரரும் அவர் மனைவியும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்குள் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அந்த அம்மா மண்ணில் உட்கார்ந்து, என் இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்துத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் புடவை முழுக்கத் தக்காளி இலை வாசம். "பயப்படாத தங்கச்சி, நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றார். தோட்டக்காரர் படிக்கல்லில் இறங்கி, சைக்கிளைத் தோளில் தாங்கி மேலே தள்ளினார். கனம் குறைந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"அம்மா, வண்டிய வுட்டுடும்மா. வண்டி போனா போவுது" என்றார் கீழேயிருந்து.

"நான் எப்பவோ விட்டுட்டேன்ணா. அதுதான் என்னை விடமாட்டேங்குது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? மனுஷியைச் சைக்கிளோடு பூட்டியிருப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்? காலில் இருக்கிற ஷூவைக் கழற்றினால் போதும் என்று நான் சொன்னேன். ஆனால் அவர் இரண்டு கையும் சைக்கிளில் இருந்தது. ஒரு கையை எடுத்தால் கனம் மறுபடி என் மேல் வரும். அந்த அம்மாவின் கைகள் என் மேல். என் கைகள் பைப்பில். மூன்று பேருக்கும் கை காலியில்லை. அந்த அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

முன்னால் போய்க் குன்றடியில் காத்திருந்த ஆண்கள் அதைக் கேட்டு ஏறி ஓடி வந்தார்கள். என் கணவர் முகம் வெளுத்துப் போயிருந்தது, அதை நான் மறுக்கவில்லை. வந்த வேகத்தில் கரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி என் காலைப் பிடித்தார். அப்பாடா என்று நினைத்தேன். அவர் குதிகாலைத் திருப்பினார். வரவில்லை. டூல் ரூம் கை அது, அந்தப் பிடிக்கே வரவில்லை. அவர் குனிந்து பெடலை உற்றுப் பார்த்தார்.

அங்கேதான் என் வாழ்க்கையின் மகா எரிச்சல் ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒருவர், ஸ்ப்ரிங்கத் தளர்த்தற டென்ஷன் ஸ்க்ரூ இருக்கா பாருங்க என்றார். இந்த மாடலில் அது கிடையாது என்றார் இன்னொருவர். இருக்கும், இல்லை, இருக்கும் என்று பேச்சு வளர்ந்தது. ஒருவர் மொபைலில் டார்ச் அடித்துக் காட்டினார். நான் கிணற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறேன், என் தலைக்கு மேல் மீட்டிங் நடக்கிறது. ஷூவைக் கழட்டுங்கள் என்று சொன்னேன். என் கணவர், "ஒரு நிமிஷம் இரு. எங்க மாட்டுதுன்னு பாத்துடறேன்" என்றார்.

தோட்டக்காரருக்குத் தோள் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவர் கீழேயிருந்து, "சாமி, நீங்க பாக்கறத அப்பறம் பாருங்க. எனக்குத் தாங்கல" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஆனால் கத்தத் தெம்பில்லாமல் மெதுவாகத்தான் சொன்னேன். "ஏங்க. பெடலப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தார். பிறகு பெடலை விட்டுவிட்டார். ஷூ மேலிருந்த பட்டையை இழுத்துவிட்டார். ஒரு கால் வெளியே வந்தது. அடுத்த பட்டையையும் இழுத்தார். அந்த அம்மா என்னைப் பின்னால் இழுக்க, இருவரும் சேர்ந்து செடி மேல் மல்லாந்து விழுந்தோம். தோட்டக்காரர் தோளை விலக்கிக்கொண்டார். என் சைக்கிள் இரண்டு ஷூவோடும் கிணற்றுக்குள் விழுந்து, சத்தம் எழுப்பி, மூழ்கிப் போனது. அந்தச் சத்தத்தில்தான் மீட்டிங் கலைந்தது.

குடம் விழுந்தால் எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவி, தோட்டக்காரர் அதை வெளியே எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தபோதும் என் ஷூ இரண்டும் பெடலிலேயே இருந்தன. கால் மாட்டியிருந்தால் நானும் அதில் இருந்திருப்பேன். "கெணத்துல எறங்கணும்னா நாங்க செருப்பக்கூட கழட்டிப் போட்டுட்டு எறங்குவோம். நீங்க என்னடான்னா பூட்டிக்கினு எறங்கறீங்க" என்றார் அவர். அவருக்கும் எரிச்சல்தான். தோள் பட்டை சிவந்து போயிருந்தது.

என் கணவர் பெடலைக் கையில் ஏந்திப் பார்த்தார். ஹார்டனிங் செய்த எஃகு, பெடலின் கம்பியைத் தின்று ஒரு பள்ளம் போட்டு, அந்தப் பள்ளத்து ஓரத்தில் எழும்பிய பிசிறிலேயே போய் மாட்டிக்கொண்டிருந்தது. பித்தளையாக இருந்தால் பித்தளை தேய்ந்திருக்கும், கம்பி தப்பித்திருக்கும். அதை அவர் நண்பர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். புஷ், ஷாஃப்ட் என்று நான் தோசைக்கு முன்னால் சொன்ன அதே உதாரணத்தைச் சொன்னார். எனக்கு அவர் பக்கத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. தோட்டக்காரர் மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகிற அவர்கள் வண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவரோடு பேசவில்லை.

அடுத்த நாள் ஒரு நண்பரின் மனைவி போன் செய்தார். "உங்க வீட்டுக்காரரு வந்தாருங்க. டீ குடிங்கன்னா வேணான்னுட்டாரு. வாசப்படியிலயே உக்காந்து எங்க வீட்டுக்காரரு ஷூவுல இருந்து அந்தத் துண்டக் கழட்டி எடுத்துக்கினு போயிட்டாரு. இவரு, என்னுது நல்லாத்தான இருக்குதுன்னு சண்டைக்கே போனாரு. அவரு காதுல போட்டுக்கல." அன்று வேலை முடிந்ததும் அவர் ஒவ்வொரு வீடாகப் போயிருக்கிறார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தேறாத பாகம் என்று நாங்கள் ஒதுக்கினால், அதில் சிவப்புப் பெயின்ட் அடித்துச் சிவப்புப் பெட்டியில் போடுவோம். மறுபடி யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. அன்று சாயங்காலம் நான் சமையலறையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேஜை மேல், பழைய பேப்பர் விரித்து, அவர் செய்த அத்தனை கிளீட்டுகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ட், இன்னும் காயாமல். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குவாலிட்டி ஆள் வந்து பார்க்கிறவரை நிற்கிற ஆபரேட்டர் மாதிரி. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரி என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் அன்று சொல்லவில்லை, இன்று வரையிலும் சொல்லவில்லை.

தோட்டக்காரர் மனைவியின் செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எங்கள் குழுவில் எல்லாரும் வந்தார்கள். கூடவே இரும்புப் பைப்பும் வெல்டிங் சாமானும். வரப்பை ஒட்டிய கிணற்றுக் கரையில் வேலி போட்டுக் கொடுத்தார்கள். தோட்டக்காரர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆனை வந்து முட்டினாலும் ஒன்னியும் ஆவாது என்றார். விடாப்பிடியாக இருக்க வேண்டிய ஒன்றை அவர்கள் அன்றுதான் அதற்கான இடத்தில் வைத்தார்கள்.

நான் இப்போதும் ஓட்டுகிறேன். பெடல் அதே மாடல், கிளீட் பித்தளை, தேயத் தேய மாற்றுகிறேன். யாராவது நீடித்து உழைக்கிற பெடல் எது என்று கேட்டால், எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறது என்பதை அப்புறம் பாருங்கள், சேறும் சகதியுமாக இருக்கும்போது எவ்வளவு லேசாக விடுகிறது என்று முதலில் பாருங்கள் என்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னால் நினைத்தவுடன் கிளம்ப முடியாது. என் கணவர் கேட்டை மறித்துக்கொண்டு நிற்பார். "ஒரு தடவ கழட்டிக் காட்டு" என்பார். இடது காலைக் கழற்றிக் காட்ட வேண்டும், பிறகு வலது காலை. பாலுக்குப் போகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். போன வாரம்தானே பார்த்தீர்கள் என்றால் அது போன வாரம் என்பார். தாங்க முடியாத எரிச்சல். ஆனால் அந்த நேரத்தில் அவர் பெடலைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் இரண்டு காலையும் கழற்றிக் காட்டிவிட்டே கேட்டைத் தாண்டுகிறேன்.